ஆத்தூர்த் தண்ணீர்

1

இன்று காலை ஏழு பேருக்கு உடை உடுத்தச் சொல்லிக் கொடுத்தேன். எல்லாரும் இருபது வயது தாண்டிய ஜெர்மன்காரர்கள். சொந்தமாகச் சட்டை போட்டுக்கொள்ளத் தெரிந்தவர்கள்தான். ஆனால் எங்கள் ஆலையின் உள்ளறைக்குப் போவதென்றால் முதலில் தலைக்கு ஒரு துணி, பிறகு வாய்க்கு ஒன்று, அப்புறம் கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே அங்கி, கடைசியில் காலுக்கு உறை என்று ஒரு வரிசை இருக்கிறது. வரிசை மாறினால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்த அறிமுக வகுப்பை எடுப்பது என் வேலை. திண்டுக்கல் பக்கத்து ரெட்டியார்சத்திரத்தில் கோவணத்தோடு கிணற்றில் குதித்துக்கொண்டிருந்தவனுக்கு இப்படி ஒரு உத்தியோகம்.

இத்தனை உடுப்பும் நம்மைக் காப்பாற்ற அல்ல, உள்ளே இருக்கும் பொருளை நம்மிடமிருந்து காப்பாற்ற. நாங்கள் கண்ணாடியிலும் சிலிக்கான் வில்லையிலும் உலோகத்தைப் படலமாகப் படிய வைக்கிறோம். ஒரு தலைமயிரின் தடிமனைப் பல ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் அந்தப் படலத்தின் கனம். நானோமீட்டர் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர் அடங்கும். எங்கள் படலம் இருபது நானோமீட்டர். அதன்மேல் ஒரு தூசு விழுந்தால், நெல் காயப்போட்ட களத்தில் யானை வந்து படுத்த மாதிரி. மனிதனோ நிமிஷத்துக்கு நிமிஷம் தோல் உதிர்த்துக்கொண்டே நடக்கிறவன். பவுடர், தலை எண்ணெய், காலையில் குடித்த சிகரெட் எல்லாமே இந்தப் படலத்துக்கு விஷம்.

யானையைத் தவிர மற்றதெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்ததும் ஒரு பெண் கை தூக்கினாள். "அப்படியானால் எதைப் போலச் சுத்தமாக இருக்க வேண்டும்? ஆஸ்பத்திரி ஆபரேஷன் அறை போலவா?"

"எதைப் போலவும் இல்லை. நான் சொன்னதை மட்டும் செய்யுங்கள்" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் முகம் சுருங்கிவிட்டது.

இந்த வகுப்பில் உவமை சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. தம்பி அனுப்பிய தினசரி காலண்டரின்படி ஊரில் இன்று ஆயுத பூஜை. அதனால்தான் இன்றைக்கே எழுதிவிட உட்கார்ந்தேன்.

2

எண்பதில் நான் இங்கே ஆராய்ச்சி உதவித்தொகையில் வந்தபோது திரும்பிப் போகிற எண்ணத்தோடுதான் வந்தேன். வருகிற எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். நான் சொன்னது மட்டுமில்லாமல் ஏற்பாடும் செய்தேன்.

என் தம்பி செல்வம் பாலிடெக்னிக் படித்துவிட்டு ஒரு மில்லில் கருவிகள் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். கை சுத்தமான வேலைக்காரன். அவனும் நானும் கடிதத்திலேயே பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். எங்கள் தோட்டத்தில் அப்பா காலத்து மோட்டார் அறையை இடித்துக் கட்டி, ஒரு வெற்றிட இயந்திரம் வாங்கிப் போடுவது. அதில் கண்ணாடி வில்லைகள்மேல் மெல்லிய உலோகப் படலம் படிய வைத்து, தராசுகளுக்கும் அளவுக் கருவிகளுக்கும் வேண்டிய நுண்ணிய மின்தடைகள் செய்வது. பெங்களூரில் வாங்கிக்கொள்ள ஒருவர் தயாராக இருந்தார், மாதிரி சரியாக வந்தால். அறை ஓட ஆரம்பித்த அன்றைக்கு நான் இங்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் வந்து சேர வேண்டும். இதுதான் பேச்சு. ஆத்தாவிடமும் இதைத்தான் சொல்லியிருந்தோம்.

செல்வத்துக்கு இந்தத் தொழிலைக் கடிதத்தில் கற்றுக்கொடுத்தேன். நீல ஏரோகிராமில் மடிப்புக்குள்ளேயும் நுணுக்கி எழுதுவேன். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுக்க வேண்டும். உள்ளே ஒரு சிறு துண்டு உலோகத்தை மின்சாரத்தால் காய்ச்ச வேண்டும். காற்று இல்லாததால் உலோக ஆவி இடையில் எதிலும் முட்டாமல் நேரே போய்க் கண்ணாடியில் படியும். இதுவரை அவனுக்கு உடனே பிடிபட்டது.

அடுத்ததுதான் சிக்கல். படிந்த படலத்தில் கோடு கோடாக வடிவம் எடுக்க வேண்டும். வேண்டிய இடத்தை ஒரு பூச்சால் மூடி, மற்ற இடத்தை அமிலத்தில் கரைக்க வேண்டும். இதை மூன்று கடிதம் எழுதியும் அவனுக்குப் புரியவில்லை. என் மனைவி மல்லிகா சின்னாளபட்டிக்காரி. அடுப்படியிலிருந்து அவள் சொன்னாள்: "இதுக்கா இம்புட்டு மூளையக் கசக்குறீக? சுங்குடிச் சேலையில முடிச்சுப் போட்டுச் சாயத்துல முக்குறாகள்ல, முடிச்சுக்குள்ள சாயம் போகுமா? அதச் சொல்லுங்க."

எழுதினேன். பதிலில் செல்வம், "அண்ணே, இதை மொதக் கடுதாசியிலயே எழுதிருக்கலாம்ல" என்று கேட்டிருந்தான்.

சுங்குடி பலித்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. நம்ம ஊர்ப் பொருளில் சொன்னால் எதையும் விளங்கவைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த கடிதம் சுத்தத்தைப் பற்றியது. அங்கி, காற்றை வடிகட்டும் பெட்டி, காலுறை என்று வரிசையாக எழுதியிருக்க வேண்டும். இடம் போதவில்லை. அவசரம் வேறு. மடிப்பின் ஓரத்தில் ஒரே வரியாக எழுதி அடிக்கோடும் போட்டேன்: 'அறையைப் பூஜை ரூம் மாதிரி வைத்துக்கொள்.'

3

இங்கே ஒவ்வொரு வருஷமும் அந்நியர் அலுவலகத்துக்குப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். 'தங்குவதன் நோக்கம்' என்று ஒரு கட்டம். அதில் ஐந்து வருஷமும் 'தற்காலிகம்' என்று எழுதினேன். அந்தச் சொல்லை எழுதும்போது எனக்கு ஒரு கெத்து இருந்தது உண்மை. வரிசையில் நிற்கும் மற்றவர்களைப் போல நான் இல்லை, எனக்கு ஊரில் ஒரு அறை இருக்கிறது என்று.

முதல் வருஷம் அங்கிருந்த அதிகாரியை நான் 'நீ' என்று கூப்பிட்டுவிட்டேன். ஜெர்மனிலும் நம்மைப் போல நீ, நீங்கள் உண்டு. நீங்கள் என்று மரியாதை பார்த்தே வளர்ந்தவன், அந்நிய மொழியில் பதற்றத்தில் வழுக்கிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அன்றைக்கு என் காகிதம் கட்டின் அடியில் போனது. என் மகள் கவிதாவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவளுக்கு ஜெர்மனில் எல்லா மரியாதையும் தெரியும். தமிழில்தான் என்னையும் அவள் சித்தப்பாவையும் ஒரேயடியாக 'நீ' என்பாள். திருத்தித் திருத்தி விட்டுவிட்டேன்.

4

இயந்திரம் வந்து இறங்கியது. முதல் படலம் படிந்த அன்று செல்வம் எழுதிய கடிதத்தில் எழுத்தெல்லாம் கோணல். சந்தோஷத்தில் பஸ்ஸிலேயே எழுதியிருந்தான். அடுத்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. படலம் பளபளவென்று வருகிறது, ஆனால் செல்லோடேப்பை ஒட்டி இழுத்தால் மொத்தமாக உரிந்து டேப்போடு வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தான்.

டேப் ஒட்டி இழுப்பது இந்தத் தொழிலின் எளிய பரீட்சை. படலம் கண்ணாடியிலேயே நின்றால் பாஸ், டேப்போடு வந்தால் ஃபெயில். கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத அழுக்கு இருந்தால்தான் உரியும். கண்ணாடியை எப்படிக் கழுவுகிறாய் என்று கேட்டேன். சோப்பு, பிறகு அசிட்டோன், பிறகு பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் என்றான். எல்லாம் சரி. அறை சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். 'நீ சொன்ன மாதிரியே வச்சிருக்கோம் அண்ணே. ஒரு குறையும் இல்லை' என்று எழுதினான். மாதிரி அனுப்பச் சொல்லிப் பெங்களூர்க்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். ஒரு வருஷம் முழுக்க வில்லை வில்லையாக உரிந்தது.

ஆக, லீவு போட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டேன். போய் அதைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்து ராஜினாமா கொடுப்பதாக உத்தேசம்.

5

திண்டுக்கல்லில் இறங்கிய கையோடு டவுன் பஸ் பிடித்தோம். மல்லிகாவைச் சாமான்களோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் கவிதாவோடு நேரே தோட்டத்துக்குப் போனேன். அறை வாசலில் மாக்கோலம் போட்டிருந்தது. நிலையில் மாவிலை. நான் செருப்போடு படியேறினேன்.

"அண்ணே, அண்ணே, செருப்பக் கழட்டிரு. அந்தா குழாய், காலக் கழுவிட்டு வா" என்றான் செல்வம்.

உள்ளே போனேன். தரை பளிச்சென்று இருந்தது. செல்வம் வெறுங்காலோடும் வெற்றுடம்போடும் ஈர வேட்டி கட்டி நின்றான். குளித்துவிட்டுத்தான் இயந்திரத்தைத் தொடுவானாம். கண்ணாடிக் கூண்டின் நெற்றியில் சந்தனம், குங்குமம். கூண்டைத் தூக்கிப் பார்த்தேன். உலோகம் காய்ச்சும் தட்டுக்கு அடியிலும், உட்புறம் நாலு பக்கமும் விபூதிப் பட்டை இழுத்து நடுவில் பொட்டு வைத்திருந்தது. சுவரில் என் ஏரோகிராம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, கண்ணாடிச் சட்டம் போட்டு, பூச்சரத்தோடு தொங்கியது. அடிக்கோடு போட்ட வரி நன்றாகத் தெரிந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. நான் வாயைத் திறப்பதற்குள் ஆத்தா தூபக்காலோடு வந்தாள். தணலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டாள். அறை முழுக்கப் புகை மண்டியது. கழுவி அடுக்கிய கண்ணாடி வில்லைகளுக்கு ஒருமுறை, பம்புக்கு ஒருமுறை, கூண்டுக்குள் ஒருமுறை என்று காட்டினாள். பிறகு கற்பூரம்.

"குளிக்காம ஒருநா உள்ள வந்ததில்லப்பு" என்றாள் என்னிடம். "உந்தம்பி பொண்டாட்டி வீட்டுக்குத் தூரமான நாள்ல இந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டா. நானும் வெள்ளி செவ்வாய் ஒருபொழுதுதான். நீ வாரணும்னுதான் அம்புட்டும். எங்க குத்தம்னு சொல்லு, திருத்திக்கிறோம்."

சாம்பிராணி என்பது மரத்துப் பிசின். அது எரிந்த புகை கண்ணாடியில் மெல்லிய பிசுக்காகப் படியும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது. ஆனால் இருபது நானோமீட்டர் உலோகத்துக்குத் தெரியும். எண்ணெய்ச் சட்டியில் ஸ்டிக்கர் ஒட்டிய கதைதான். காரணம் கிடைத்துவிட்டது, அதை எழுதிக் கொடுத்தவனும் நானேதான்.

கவிதாவுக்கு அப்போது எட்டு வயது. எங்கள் ஆலையில் குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டும் நாளில் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று உள்ளறையைப் பார்த்திருக்கிறாள். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜெர்மனில் கேட்டாள்: "அப்பா, இங்கே ஏன் புகை போடுகிறார்கள்? உள்ளே வாசனைத் தைலம்கூடக் கூடாது என்றாயே? இதனால்தானே உரிகிறது?"

அந்த அறையில் அது என்னைத் தவிர யாருக்கும் புரியவில்லை. "பாப்பா என்னண்ணே கேக்குது?" என்றான் செல்வம்.

"பசிக்குதாம்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

செல்வம் மறுபடி கேட்டான். "சொல்லுண்ணே. எதுல கோளாறு?"

"தண்ணிதான்டா" என்றேன். "நம்ம ஊரு தண்ணி உப்பு. எவ்வளவு காய்ச்சி வடிச்சாலும் இந்த வேலைக்குத் தாங்காது."

அவன் முகம் அப்படியே மலர்ந்தது. "அம்புட்டுத்தானா? என் கையிலதான் கோளாறுன்னு நெனச்சு ஒரு வருசமா எனக்கு உறக்கமே இல்லண்ணே."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஆத்தாவின் மனசு உடைந்துவிடும் என்றுதான் மல்லிகாவிடம் அன்று காரணம் சொன்னேன். ஒருபொழுது இருந்து அவள் போட்ட புகைதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று எந்த வாயால் சொல்வது. மல்லிகாவும் ஒத்துக்கொண்டாள். அது பொய்யில்லை, ஆனால் அதில் பாதிதான் இருந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். கூண்டைத் துடைத்து, பம்பின் எண்ணெயை மாற்றி, வில்லைகளைப் புதிதாகக் கழுவி, சாம்பிராணியை வீட்டோடு நிறுத்தியிருந்தால் நாலே நாளில் அந்த அறை ஓடியிருக்கும். எனக்கு அந்த நிமிஷமே தெரியும். ஓடினால் நான் திரும்ப வேண்டும். பஸ்ஸில் இடிபட்டு வந்து, பயணக் களைப்போடு அந்தப் புகைக்குள் நிற்கும்போது எனக்கு வர விருப்பம் இல்லை என்று தெரிந்துபோயிற்று. அதற்கு முன்னால் அது எனக்கே தெரியாது. வாய் அதுபாட்டுக்குத் தண்ணீர் என்று சொல்லிவிட்டது.

6

திரும்பி வந்து நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டேன். 'தற்காலிகம்' எழுதிய கட்டத்தில் வேறு சொல் எழுதினேன். அதே அதிகாரிதான். பிறப்புச் சான்று கேட்டார். செல்வம் நாயாய் அலைந்து வாங்கி அனுப்பினான். அதற்குள் திண்டுக்கல்லைத் தனி மாவட்டமாக்கியிருந்தார்கள். பாஸ்போர்ட்டில் மதுரை மாவட்டம், சான்றில் திண்டுக்கல் மாவட்டம். எந்த வருஷம் நீங்கள் இடம் மாறிப் பிறந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். அது நகைச்சுவை என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. விளக்கம் கேட்டு மறுபடி ஊருக்கு எழுத, செல்வம் மறுபடி அலைந்தான். நான் திரும்பி வராமலிருக்கத் தேவையான கடைசிக் காகிதத்தையும் அவனே வாங்கிக் கொடுத்தான். எதற்கென்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவன் தண்ணீரைத் தேடிக்கொண்டிருந்தான். முதலில் சிறுமலை ஊற்று. பிறகு மழைத் தண்ணீரை வெள்ளைத் துணி கட்டிப் பிடித்தான். இப்போது ஆத்தூர் நீர்த்தேக்கம். வாரத்துக்கு இரண்டு நாள், வேலைக்குப் போகும் முன் இரண்டு பால் கேனில் தண்ணீர் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றி வருகிறான். கண்டக்டர் கேனுக்கும் டிக்கெட் கேட்டுச் சண்டை. அந்தத் தண்ணீரை வடித்து, வடித்ததை மறுபடி வடித்து, வில்லை கழுவுகிறான். வெள்ளிக்கிழமை ஆத்தா புகை போடுகிறாள். சனிக்கிழமை டேப் ஒட்டி இழுக்கிறான். உரிகிறது. மூன்று வருஷமாக இதே நடக்கிறது. மில்லில் உடன் வேலை பார்க்கிறவர்கள் அவனுக்குத் 'தண்ணிக்காரன்' என்று பேர் வைத்துவிட்டார்களாம். அதையும் சிரித்தபடிதான் எழுதியிருந்தான்.

7

நேற்று சாயங்காலம் அவன் கடிதம் வந்தது.

'அண்ணே, ஆத்தாவுக்குக் காய்ச்சல் வந்து மூணு வாரம் படுத்துவிட்டது. இப்போது தேவலை. கவலைப்படாதே. இன்னொரு சேதி. அந்த மூணு வாரமும் ஆத்தூர்த் தண்ணியை மூணு தடவை வடித்து வில்லை கழுவினேன். போன சனிக்கிழமை டேப்பை இழுத்தால் படலம் பாதி நின்றுவிட்டது அண்ணே! பாதி வில்லை அப்படியே நிற்கிறது. நீ சொன்னது சரி. தண்ணிதான். ஆத்தாவிடம் காட்டினேன், அழுதுவிட்டது. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் இந்த ஆயுத பூஜையை அந்த அறையில் தடபுடலாகச் செய்யணும் என்று நிற்கிறது. மூணு வாரம் சாம்பிராணி விட்டுப்போனதற்கும் சேர்த்துப் போடுமாம். அது முடிந்ததும் பெங்களூருக்கு மாதிரி செய்து அனுப்புகிறேன். நீ ராஜினாமா எப்போது கொடுப்பாய் என்று ஆத்தா கேட்கிறது.'

கடிதத்தைப் படித்தபோது மணி ஐந்து. எங்கள் தெரு முனைத் தபாலாபீஸ் ஆறு மணிவரை திறந்திருக்கும். 'புகை வேண்டாம்' என்று ஒரு தந்தி போதும், ஊரில் பொழுது விடிந்ததும் போய்ச் சேர்ந்திருக்கும். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். தபாலாபீஸ் எதிரே நின்றேன். உள்ளே விளக்கு எரிவதையும், பிறகு ஒரு அம்மாள் கதவைப் பூட்டுவதையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த வருஷம் கவிதாவுக்குப் பெரிய பள்ளிக்கூடம். மல்லிகாவுக்கு இங்கே வேலை கிடைத்திருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று நான் அந்த ஏழு பேருக்கும் தலைத்துணி கட்டக் கற்றுக்கொடுத்த நேரத்தில் ரெட்டியார்சத்திரத்தில் பூஜை முடிந்து பொரிகடலை கொடுத்திருப்பார்கள். கூண்டுக்குள் புதுச் சந்தனம் காய்ந்துகொண்டிருக்கும்.

வேலை முடிந்து வந்து ஏரோகிராமைப் பிரித்து வைத்து உட்கார்ந்தேன். கவிதா வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. 'செல்வம்' என்ற பேர் மட்டும் அடையாளம் தெரியும்.

"சித்தப்பாவிடம் அந்தப் புகையைப் பற்றி இப்போதாவது சொல்லப்போகிறாயா?" என்றாள், ஜெர்மனில்.

"எழுதிக்கிட்டிருக்கேன்" என்றேன்.

அவள் நம்பிப் போய்விட்டாள். நான் எழுதினேன்: 'அன்புத் தம்பி செல்வத்துக்கு, சேதி கேட்டு ரொம்ப சந்தோஷம். ஆத்தூர்த் தண்ணீரை விட்டுவிடாதே. அடுத்த தடவை நாலு முறை வடித்துப் பார்.'